படபடக்கும் இருதயத்திற்குத் தேகப்பயிற்சியும் ஒரு மருந்து



உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு இருதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அன்றிலிருந்து அந்த வீட்டில் என்ன நடக்கிறது? ‘‘நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் மாமா, பேசாம உட்காருங்க’’ என்று மருமகள் சொல்கிறாள். ‘‘கடைக்கு நான் போய்க்கிறேன் அப்பா’’ என்று மகன் பையை வாங்கிக்கொள்கிறான். கோயிலுக்கு நடந்து போவது நிற்கிறது. திண்ணையிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து திண்ணைக்கும் என்று நாள் கழிகிறது. எல்லாம் அன்பினால் செய்வதுதான். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எடை கூடியிருக்கிறது. இரத்தக் கொதிப்பும் ஏறியிருக்கிறது. ‘‘பார்த்தீங்களா, வியாதி முத்திப் போச்சு’’ என்று வீட்டார் கவலைப்படுகிறார்கள். முத்தியதில் பாதி, சும்மா உட்கார்ந்ததால் வந்தது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். இந்த வெளியீடு அதைப் பற்றியதுதான்.

துடிப்பு தவறுவது என்றால் என்ன?

நம் இருதயத்தில் மேலே இரண்டு அறைகளும் கீழே இரண்டு அறைகளும் இருக்கின்றன. வலது மேலறையின் உச்சியில் ஒரு சிறு திசுக்கட்டு உண்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய மின் அதிர்வு கிளம்பி, முதலில் மேலறைகளையும் பிறகு கீழறைகளையும் சுருங்கச் செய்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 தடவை இப்படி நடக்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்புகள். நாம் தூங்கினாலும் அது தூங்குவதில்லை.

சிலருக்கு இந்த ஒழுங்கு கெட்டுவிடுகிறது. துடிப்புக் கோளாறுகளில் பல வகை உண்டு. பெரியவர்களிடம் நீடித்துக் காணப்படுவதில் முக்கியமானது ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’. இதை மேலறை நடுக்கம் என்று சொல்லலாம். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், காற்றில் ஆடும் அரசிலை போல நடுங்கிக்கொண்டே இருக்கும். கீழறைகளுக்கு அதிர்வுகள் தாறுமாறாக வந்து சேரும். அதனால் நாடி ஒரு தாளத்தில் நிற்காது. சிலருக்குப் படபடப்பு, களைப்பு, மூச்சுத் திணறல் இருக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது.

தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இரத்தம் உறைந்து சிறு கட்டியாகி, அது மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் 1948-ல் தொடங்கிய நீண்ட ஆய்விலிருந்து 1978-ல் ஒரு கணக்கு வெளிவந்தது. மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 5 மடங்குக்கும் மேல் என்றும், ருமாட்டிக் காய்ச்சலினால் இருதய வால்வு கெட்டு, அதோடு நடுக்கமும் இருப்பவர்களுக்கு 17 மடங்கு என்றும் அது காட்டியது. நம் நாட்டில் சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலினால் வால்வு கெட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே இது வயதானவர்களின் வியாதி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம்.

நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்கு ஒரு செலவும் இல்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு, இடது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், வலது கையின் நடு மூன்று விரல்களை மெதுவாக அழுத்துங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு, உங்களைக் குழப்பிவிடும். கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது ஒழுங்கான நாடிக்குச் சரி. தாளம் தவறும் நாடிக்கு அது சரிவராது.

எண்ணிக்கையோடு தாளத்தையும் கவனியுங்கள். எப்போதாவது ஒரு துடிப்பு தவறுவது பலருக்கும் உண்டு. ஆனால் தொடர்ந்து முன்னும் பின்னுமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் அடித்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போய் ஈ.ஸி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். என்ன கோளாறு என்பதை ஈ.ஸி.ஜி. பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

சும்மா உட்கார்ந்தால் குணமாகுமா?

இருதய நோயாளிக்கு ஓய்வுதான் மருந்து என்ற எண்ணம் மருத்துவர்களிடமே ஒரு காலத்தில் இருந்தது. மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழவிடாமல் வைத்திருந்தார்கள். 1952-ல் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும், அப்படிப் பட்ட நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைத்து, அதனால் நன்மையே உண்டு என்று எழுதினார்கள். அன்று அது பெரிய துணிச்சல். பிறகு உட்காருவது நிற்பதாகி, நிற்பது நடப்பதாகி, இன்று நடைப்பயிற்சி இருதய சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. துடிப்புக் கோளாறு உள்ளவர்களிடம் இந்த எண்ணம் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

நார்வே நாட்டில் 51 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை செய்து 2016-ல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் மேலறை நடுக்கம் உண்டு. பாதிப் பேருக்கு 12 வாரம், வாரத்துக்கு மூன்று நாள் தேகப்பயிற்சி. மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள். தோலுக்கடியில் வைத்த சிறு கருவி துடிப்பைப் பதிவு செய்துகொண்டே இருந்தது. பயிற்சி செய்தவர்கள் நடுக்கத்தில் கழித்த நேரம் நூற்றுக்கு 8.1 பங்கிலிருந்து 4.8 பங்காகக் குறைந்தது. செய்யாதவர்களுக்கு அது 10.4-லிருந்து 14.6 ஆகக் கூடியது. அங்கே கொடுத்தது கடுமையான பயிற்சி, பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொண்ட பயிற்சி. அதை அப்படியே வீட்டில் செய்துபார்க்க வேண்டாம்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 120 பேரை வைத்து நடந்த சோதனை 2023-ல் வெளிவந்தது. ஆறு மாதம் பயிற்சி பெற்றவர்களில், ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 40 பேருக்கு நடுக்கம் திரும்ப வரவில்லை. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 20 பேருக்குத்தான் அப்படி. இதிலிருந்து இரண்டு விஷயம் புரிகிறது. பயிற்சி உதவுகிறது, இரண்டு மடங்கு பேருக்கு உதவுகிறது. ஆனால் பயிற்சி செய்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நடுக்கம் திரும்ப வந்தது. ஆகவே தேகப்பயிற்சி மற்ற மருந்துகளோடு சேர்ந்த ஒரு மருந்து. மற்றவற்றை விட்டுவிடச் சொல்லும் மந்திரமல்ல.

நடுக்கம் நிலையாகவே தங்கிவிட்டவர்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். துடிப்பின் தாளம் மாறாமல் போகலாம். ஆனால் மூச்சு வாங்காமல் நடக்கும் தெம்பு கூடுகிறது. தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறது. தன் கையால் குளித்து, தன் காலால் கடைத்தெருவுக்குப் போய்வருவது ஒரு பெரியவருக்குச் சின்ன விஷயமா?

எப்படி உதவுகிறது?

நடப்பதால் இரத்தக் கொதிப்பு இறங்குகிறது. மேலறைகளின் மேல் உள்ள அழுத்தமும் அதனால் குறைகிறது. எடை குறைகிறது, சர்க்கரை கட்டுப்படுகிறது, தூக்கம் நன்றாக வருகிறது. மேலறையை நீட்டி, விரித்து, கெடுப்பவை இந்தக் கொதிப்பும் பருமனும் சர்க்கரையும்தான். அடிலெய்டில் 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வில், பருமனான நோயாளிகள் தம் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்து, அதைக் காப்பாற்றியும் வந்தபோது, நடுக்கமின்றி இருக்கும் வாய்ப்பு 6 மடங்கு கூடியதாகக் கண்டார்கள். 80 கிலோ உள்ளவர் 8 கிலோ குறைத்தால் போதும் என்பது இதன் கணக்கு.

முதலில் டாக்டரைக் கேளுங்கள்

எந்த மருந்துக்கும் அளவும் பத்தியமும் உண்டு. இதற்கும் அப்படித்தான். கீழ்க்கண்டவர்கள் டாக்டர் பார்த்து அனுமதி கொடுக்கும் வரை பயிற்சியைத் தொடங்கவே கூடாது.

1. ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கி விழுந்தவர்கள். இளம் பிள்ளைகளானால் இது மிக முக்கியம். பரம்பரையாக வரும் சில துடிப்புக் கோளாறுகளில் தேகப்பயிற்சியே ஆபத்தைக் கிளப்பிவிடும்.

2. குடும்பத்தில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்திருந்தால் அந்தக் குடும்பத்தார்.

3. ஓய்வாக இருக்கும்போதே நாடி 110-க்கு மேல் ஓடுபவர்கள். மருந்தைச் சரிசெய்த பிறகே நடக்க வேண்டும்.

4. வால்வு சுருங்கியவர்கள், கால் வீங்கியவர்கள், படுத்தால் மூச்சு முட்டுபவர்கள்.

5. காய்ச்சல் உள்ளவர்கள். காய்ச்சல் விட்டு உடம்பு தேறும் வரை பொறுங்கள்.

பேஸ்மேக்கர் போன்ற கருவி வைத்தவர்களும் நடக்கலாம். ஆனால் கருவி வைத்த புதிதில், அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேலே தூக்குவதில் டாக்டர் சொன்ன காலம் வரை கட்டுப்பாடு உண்டு. அதிர்ச்சி கொடுக்கும் கருவியானால், எத்தனை துடிப்புக்கு மேல் போனால் அது வேலை செய்யும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு நன்றாகக் கீழே நின்றுகொள்ள வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

சமதரையில் நடப்பதே நல்லது. காலையிலோ வெயில் தணிந்த பிறகோ நடக்கலாம். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் நடக்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடும் போக வேண்டாம். காலுக்குப் பொருத்தமான செருப்பு அவசியம்.

முதல் இரண்டு வாரம்: காலை 5 முதல் 10 நிமிடம், மாலை 5 முதல் 10 நிமிடம்.

மூன்றாவது, நான்காவது வாரம்: ஒவ்வொரு வேளையும் 15 நிமிடம்.

ஐந்தாவது வாரத்திலிருந்து: ஒரே நடையாக 20 நிமிடம், பிறகு 25, பிறகு 30.

மூன்று மாதத்தில்: வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். மொத்தம் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவும் இதுதான்.

ஒவ்வொரு நடையிலும் முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் மெதுவாக நடங்கள். வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் தலை சுற்றும்.

வேகம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் நாடியை நம்பி வேகத்தை அளக்க முடியாது. தாளம் தவறுகிறது; துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் இடையில் இருக்கிறது. ஆகவே வாயை நம்புங்கள். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம்.

தமிழ்நாட்டில் 2023-ல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். அது 8 கிலோமீட்டர் என்பதற்காக முதல் நாளே முழுவதும் நடந்துவிட வேண்டியதில்லை. அரைக் கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தாலும் கணக்கில் சேரும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், கண் இருட்டுதல், வழக்கத்துக்கு மாறான படபடப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் நின்று உட்காருங்கள். கொஞ்ச நேர ஓய்விலும் அடங்காவிட்டால், அல்லது மயக்கம் வந்தால், 108-ஐக் கூப்பிடுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் அது பக்கவாதம். ‘‘கொஞ்சம் படுத்தா சரியாயிடும்’’ என்று காத்திருக்காதீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான் போடுவார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரா என்பது டாக்டருக்கு உடனே தெரிய வேண்டும்.

கேள்வியும் பதிலும்

‘‘நடக்க ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு, உடம்பு தெம்பா இருக்கு. இரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை நிறுத்திடலாமா?’’

கூடவே கூடாது. தெம்பு வேறு, உறைகட்டி வேறு. நடுக்கம் இல்லாததுபோல் தோன்றும்போதும் அது வந்து போகலாம். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் பொறுப்பு. ‘வார்ஃபரின்’ வகை மாத்திரை எடுப்பவர்கள் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையைச் சொன்ன நாளில் செய்துகொள்ள வேண்டும். கீரையை ஒரு நாள் கட்டுக்கட்டாகச் சாப்பிட்டு, அடுத்த வாரம் அடியோடு விட்டால் மருந்தின் அளவு குழம்பும். எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

‘‘நடந்ததுல முழங்கால் வலி. மெடிக்கல் ஷாப்புல ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கலாமா?’’

இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோடு கடையில் கிடைக்கும் பல வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரலாம். மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலி வந்தால் இரண்டு நாள் நடையைக் குறையுங்கள். சுகாதார நிலையத்தில் கேட்டு மருந்து வாங்குங்கள். விழுந்து அடிபடும் விளையாட்டுகளையும் இவர்கள் தவிர்க்க வேண்டும்.

‘‘நாள் பூரா வீட்டு வேலை செய்யறேன். எனக்கு எதுக்கு நடை?’’

மூச்சு கொஞ்சம் கூடும்படி, தொடர்ந்து செய்யும் வேலையானால் அதுவும் பயிற்சிதான். ஆனால் அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பது அப்படிப்பட்டதல்ல. மூச்சை அடக்கிக்கொண்டு கனமான குடத்தைத் தூக்குவதும் நல்ல பயிற்சியல்ல. வீட்டுக்காரருக்காகவும் பிள்ளைகளுக்காகவும் ஓடும் தாய்மார்களே, உங்களுக்கென்று அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

‘‘யோகாசனம் செய்யலாமா?’’

செய்யலாம். அமெரிக்காவில் 49 பேரை வைத்துச் செய்து 2013-ல் வெளியான ஆய்வில், மூன்று மாத யோகப் பயிற்சியில் படபடப்பு வரும் தடவைகள் குறைந்தன, மனக்கவலையும் குறைந்தது. மூச்சை நீண்ட நேரம் அடக்குவது, தலைகீழாக நிற்பது போன்றவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

‘‘நடக்கிறேன், சாயங்காலம் கொஞ்சம் குடிக்கிறேன். ஈடாயிடும் இல்லே?’’

ஆகாது. ஆஸ்திரேலியாவில் குடிப்பழக்கமுள்ள 140 நோயாளிகளை வைத்து நடந்து, 2020-ல் வெளியான சோதனையில், குடியை விட்டவர்களில் நூற்றுக்கு 53 பேருக்கு நடுக்கம் திரும்பியது. விடாதவர்களில் 73 பேருக்குத் திரும்பியது. நடையின் பலனைக் குடி தின்றுவிடும்.

அளவுக்கு மிஞ்சினால்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கேயும் உண்மை. ஸ்வீடன் நாட்டில் பனியில் சறுக்கிக்கொண்டு 90 கிலோமீட்டர் போகும் போட்டி ஒன்று ஆண்டுதோறும் நடக்கிறது. அதில் கலந்துகொண்ட 50,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் 2013-ல் வெளிவந்தது. அதிகத் தடவை ஓடி முடித்தவர்களுக்கும், மிக வேகமாக ஓடியவர்களுக்கும் துடிப்புக் கோளாறு அதிகமாக வந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் இருதயத்தை வாட்டியெடுத்தால் மேலறைகள் விரிந்துவிடலாம். நாம் செய்வது அரை மணி நேர நடை. அது அந்த எல்லைக்கு வெகு தூரம். ஆகையால் பயந்து உட்காரவும் வேண்டாம், போட்டி போட்டு ஓடவும் வேண்டாம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

பெரியவரைத் தனியாக அனுப்பாதீர்கள். முதல் மாதம் யாராவது கூடப் போங்கள். சட்டைப்பையில் பெயர், வீட்டாரின் போன் நம்பர், சாப்பிடும் மாத்திரைகள் எழுதிய சீட்டு இருக்கட்டும். ஒரு நோட்டில் தேதி, நடந்த நிமிடம், ஓய்வு நாடி, உடம்பில் தோன்றியது ஆகிய நாலையும் எழுதி வையுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். பத்து நிமிடப் பேச்சு சொல்லாததை அந்த நோட்டு சொல்லும். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போதும் காட்டலாம். இரவில் பலமான குறட்டையும் இடையே மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவும் துடிப்பைக் கெடுக்கும்.

நினைவில் வைக்க

நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்.
டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள்.
பேச முடிகிற வேகத்தில் நடங்கள்.
வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி; அதற்கு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.
மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
வலி மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள்.

இன்று மாலை வெயில் தணிந்ததும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் போய் முதலில் நாடியைப் பாருங்கள். டாக்டர் ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தால், ‘‘வாங்க மாமா, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்’’ என்று கூப்பிடுங்கள். இன்னும் கேட்கவில்லையென்றால், நாளைக் காலையில் சுகாதார நிலையத்துக்கு அவரை அழைத்துப் போங்கள்.